வான்கோழி ரெசிபி கேட்ட மகனுக்கு

மக்களே,

"அம்மா, ஊருக்குப் போறதுக்கு முன்னாடி அந்த டர்க்கி ரெசிபிய எழுதி அனுப்பிருங்க, ஹன்னா மம்மி கேட்டுட்டே இருக்காங்க" என்று நேற்று நீ அனுப்பிய மெசேஜ் வந்தபோது, நான் உன் அப்பாவின் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். அஜ்மானில் இத்தனை வருஷம் குடியிருந்த வீட்டைக் காலி செய்துகொண்டு ஒருத்தி ஒற்றையாய் நிற்கிறாள். சாப்பிட்டாயா, பெட்டியைத் தூக்க ஆள் வேண்டுமா என்று ஒரு வார்த்தை இல்லை. ரெசிபி வேண்டுமாம். கோபத்தில் போனைக் கட்டிலில் வீசிவிட்டேன். அப்புறம் நானே எடுத்து, உடைந்திருக்கிறதா என்று பார்த்தேன். சரி, கேட்டதைக் கொடுத்துவிட்டே போவோம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பேசி அனுப்பினால் நான் அழுதது குரலிலேயே உனக்குத் தெரிந்துவிடும். தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். நல்லது, மெதுவாகவே வாசி.

ரெசிபி என்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இந்த வான்கோழி அடுப்பில் தொடங்கவில்லை. குளிர் தொடங்கும் முன்னால், உனக்கும் ஹன்னாவுக்கும் கல்யாணம் ஆன புதுசில், ஒரு நாள் நீ இங்கே வந்து சோபாவில் காலை நீட்டிக்கொண்டு சொன்னதில் தொடங்கியது. "அம்மா, நானும் ஹன்னாவும் துபாய்ல பெரிய ஃப்ளாட் பாக்கோம். எக்ஸ்ட்ரா ரூம் ஒண்ணு இருக்கும். கிறிஸ்துமஸுக்கு அவ அப்பா அம்மா இங்கிலாந்துல இருந்து வாறாங்க. நான் வளந்த வீட்ட அவங்க பாக்கணும்னு ஹன்னாவுக்கு ஆசை. லஞ்ச் இங்க வைப்போம். எல்லாம் நல்லபடியா போச்சுன்னா, ஒண்ணா இருக்கதப் பத்திப் பேசலாம்." இந்த வீட்டு ஒப்பந்தமும் என் விசாவும் பிப்ரவரியில் முடிகின்றன என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பா இருந்தவரை என் விசா அவர் பெயரில். அவர் போன பிறகு உன் பெயரில். விசா கொடுத்து வைத்திருக்கிறவனைத்தானே இங்கே கஃபீல் என்கிறோம். அப்பா பஸ் ஓட்டிக் கூட்டிப்போன சோனாப்பூர் லேபர் கேம்ப் பையன்கள் அப்போது சிரிப்பார்கள். "அக்காவுக்கு என்ன கவலை, பெத்த புள்ளையே கஃபீலு" என்று. நானும் பெருமையாகச் சிரித்திருக்கிறேன்.

ஆகவே நீ அன்றைக்குச் சொன்னது என் காதில் ஒரே விதமாகத்தான் விழுந்தது. சாப்பாடு நன்றாக அமைந்தால் எனக்கு அந்த எக்ஸ்ட்ரா ரூம். அமையாவிட்டால் ஊரில் பூட்டிக் கிடக்கிற வீடு. மட்டன் பிரியாணி போட்டு, மீன் பொரித்து, கிண்ணத்தப்பம் அவித்து ஊரையே அசத்திவிடலாம் என்று மனசுக்குள் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டேன். நீ கையை ஆட்டினாய். "அதெல்லாம் வேண்டாம்மா. டர்க்கி பண்ணுங்க. முழுசா, ஓவன்ல வெச்சு. இந்த வருஷமாவது ஒரு ப்ராப்பர் கிறிஸ்துமஸ் கொண்டாடுவோம்."

ப்ராப்பர். அந்த வார்த்தையை நீ சொல்லிவிட்டு டீயைக் குடித்தாய். நான் அதை இன்னும் விழுங்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு இங்கே லீவு கிடையாது. அதனால் அதற்கு அடுத்து வருகிற லீவு நாளில் உன் அப்பா தன் பஸ்ஸில் வருகிற ஆட்களில் கொஞ்சம் பேரைக் கூட்டி வருவார். இந்துக்கள்தான் பாதிக்கு மேல். குளித்து, பவுடர் பூசி, மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு வந்து, செருப்பை வரிசையாக வாசலில் விட்டுவிட்டு, இந்த ஹாலில் பேப்பர் விரித்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நீ நடுவில் உட்கார்ந்து அவர்கள் தட்டிலிருந்து கறித்துண்டைத் திருடித் தின்பாய். ராமநாதபுரம் முருகேசன் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு பால்கனியில் ஸ்டார் கட்டுவான். அதெல்லாம் ப்ராப்பர் இல்லையென்றால் அது என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "அந்த அண்ணன்மார இந்த வருஷம் கூப்பிட வேண்டாம்மா, அவங்களுக்கும் ஆக்வேர்டா இருக்கும்" என்றாய். அதற்கும் தலையாட்டினேன். முருகேசன் போன் பண்ணி, "அக்கா, இந்த வருசம் எப்ப வரணும்?" என்று கேட்டபோது, நான் மகன் வீட்டுக்குப் போகிறேன் என்று பொய் சொன்னேன். ரூமுக்கு ஆசைப்பட்ட வாய் அது, வேறு என்ன சொல்ல.

இனி பொருட்கள். நீயே ஒரு வான்கோழியை வாங்கி வந்து ஃப்ரீசரில் திணித்துவிட்டுப் போனாய். கல் மாதிரி இருந்தது. பிளாஸ்டிக் உறையோடு அதைத் தூக்கினால் பச்சைப்பிள்ளையைத் தூக்குகிற கனம். அடுத்த வேலை, ஓவனைக் காலி செய்வது. நம் வீட்டு அடுப்புக்குக் கீழே இருக்கும் அந்த ஓவன், வந்த நாளிலிருந்து நமக்குப் பாத்திர அலமாரிதான். தோசைக்கல், இட்லிக் கொப்பரை, உடைந்த பிடியுள்ள சட்டி, அப்பா எறிய விடாத பழைய பிரஷர் குக்கர் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். எரிகிறதா என்று பார்க்கவே பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட வேண்டியிருந்தது. எரிந்தது. ஆனால் பறவை உள்ளே போகவில்லை. இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு, கதவை மூட விடாமல் நின்றது.

காலின் நுனியைக் கொஞ்சம் நறுக்கினால் போதும் என்று, அதைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு தெருமுனை இறைச்சிக்கடைக்குப் போனேன். மலையாளி ஷாஜி கடை. நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து நான் கறி வாங்குகிற கடை. பையிலிருந்து எடுத்து அவன் கையில் கொடுக்கவும், உன் போன் வரவும் சரியாக இருந்தது. எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம், வயிற்றுக்குள் என்ன அடைக்க வேண்டும் என்று நீ யாரோ வெள்ளைக்காரி செய்த வீடியோவைப் பார்த்து எனக்கு வாசித்துக்கொண்டிருந்தாய். ஒரு சொல்லையும் விட்டுவிடக் கூடாதே என்று காதை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஷாஜி அந்தப் பக்கமிருந்து, "சேச்சி, பதிவு போலெ அல்லே?" என்றான். வழக்கம் போலத்தானே என்று. எத்தனையோ வருஷமாக அவன் கேட்கிற கேள்வி, நான் சொல்கிற பதில். "ஆமா ஆமா" என்றேன். உன்னிடம்தான் முழுக் கவனமும். பின்னால் அந்த எலும்பு வெட்டும் மெஷின் கீச்சென்று ஓடுகிற சத்தம் கேட்டது, யாருக்கோ வெட்டுகிறான் என்று நினைத்தேன். நீ போனை வைத்தாய். நான் திரும்பினேன். வான்கோழி பிரியாணித் துண்டாகப் பாலிதீன் கவரில் இருந்தது. "நல்ல ஒன்னாந்தரம் கோழி, சேச்சி" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தான்.

ஷாஜியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவன் மேல் என்ன தப்பு? வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து அழுதேன், அப்புறம் உனக்குச் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது. "ஒரு வேல, அம்மா. ஒரே ஒரு வேலதான் உங்ககிட்ட சொன்னேன்." இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் சொன்னது ஒரே ஒரு வேலைதான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டதெல்லாம் ஏதோ ஆவியோ என்னவோ. வேறு பறவை வாங்க நேரமில்லை. மறுநாள் லஞ்ச்.

சரி, இனிதான் நீ கேட்ட ரெசிபி. ஹன்னா அம்மாவுக்கு இந்த இடத்திலிருந்து மொழிபெயர்த்தால் போதும். துண்டுகளை ஐஸ் உருகும்வரை வெளியே வைத்து, உப்பும் மஞ்சளும் போட்டு நாலு தண்ணீரில் கழுவு. புளித்த மோரில் உப்புப் போட்டு ராத்திரி முழுக்க ஊற வை. மோர் துண்டுகளுக்கு மேலே நிற்க வேண்டும். காலையில் வடித்துவிட்டு, நல்லமிளகு, பெருஞ்சீரகம், பூண்டு, இஞ்சி, கொஞ்சம் சின்ன உள்ளி எல்லாவற்றையும் அரைத்து வெண்ணெயில் குழைத்துப் பூசு. மிளகாய் பேருக்கு ஒன்றிரண்டு. தட்டில் அடுக்கி, கறிவேப்பிலை தூவி, அலுமினியத் தாளால் காற்றுப் போகாமல் மூடிக் குறைந்த சூட்டில் விட்டுவிடு. எலும்பிலிருந்து கறி விலக ஆரம்பித்ததும் தாளை எடுத்துவிட்டு, மேலே சிவக்கிற வரைக்கும் சூட்டைக் கூட்டு. அடியில் இறங்கிய சாற்றைக் கொட்டிவிடாதே, அதில்தான் எல்லாம் இருக்கிறது. எத்தனை டிகிரி என்று கேட்காதே. நம் ஓவனில் எண்கள் அழிந்து ரொம்ப நாளாகிவிட்டது.

மறுநாள் அவர்களுக்கு முன்னால் நீ வந்து தாளைத் தூக்கிப் பார்த்தாய். நான் காலை இந்தப் பக்கமும் சிறகை அந்தப் பக்கமும் வைத்து, பறவை போலத் தெரியட்டும் என்று அடுக்கியிருந்தேன். "என்னம்மா இது, ஆக்சிடென்ட் கேஸ் மாதிரி இருக்கு" என்றாய். அதற்குள் லிஃப்ட் திறக்கிற சத்தம். உன் முகம் நொடியில் மாறியதை நான் பார்த்தேன். அந்த வித்தை உனக்குச் சின்ன வயதிலேயே உண்டு. மூன்றாம் வகுப்பில் உன் மிஸ் என்னைக் கூப்பிட்டு, பையன் வகுப்பில் ஒரே பேச்சு, ஹோம்வொர்க் செய்வதில்லை என்று ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்தார். நீ பக்கத்தில் நின்றுகொண்டு, "அம்மா, நான் நல்லா பேசறேனாம், மிஸ்ஸுக்கு என்ன ரொம்பப் பிடிக்குமாம்" என்று எனக்குத் தமிழில் சொன்னாய். எனக்குப் பேசத்தான் வராது மக்களே, கேட்டால் புரியும். அன்றைக்கே புரிந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். ஆஸ்பத்திரியிலும், விசா பாரம் நிரப்புகிற டைப்பிங் சென்டரிலும் எனக்காக நீயே பேசினாய். கெட்டிக்காரன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் வாயை நான்தான் உன் கையில் கொடுத்து வளர்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

சாப்பாட்டு மேஜையில் ஹன்னாவின் அப்பா தட்டைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். நீ சிரித்துக்கொண்டே, டர்க்கியை இப்படித் துண்டு போட்டுச் செய்வதுதான் எங்கள் குடும்ப வழக்கம், அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இதைத்தான் செய்வார்கள் என்றாய். எனக்குக் கையில் இருந்த கரண்டி நின்றுவிட்டது. ஹன்னா என்னிடம் திரும்பி, "ஒவ்வொரு வருஷமுமா? பிரியாணி செய்யச் சொல்லுங்கள் என்றுதான் நான் இவரிடம் கேட்டேன், எங்கள் வீட்டில் டர்க்கி தவிர எதுவும் கிடையாது என்றார்" என்றாள். அந்தப் பெண் பிரியாணிதான் கேட்டிருக்கிறாள். கேட்காத பறவைக்காக நான் ராத்திரி எல்லாம் மோரில் கை விட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன், முருகேசனிடம் பொய் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் தலையை ஆட்டினேன். ஆமாம், ஒவ்வொரு வருஷமும்தான் என்று.

அவர்கள் சாப்பிட்டார்கள். முகத்துக்காகச் சாப்பிடவில்லை, உண்மையாகவே சாப்பிட்டார்கள். ஹன்னாவின் அம்மா தன் ஆயுசில் வறண்டு போகாத டர்க்கியை இப்போதுதான் தின்கிறேன் என்று சொல்லி, எலும்பைக் கையில் எடுத்து உறிஞ்சினார். ஹன்னா அப்பா இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். எனக்கு அப்போது எவ்வளவு சந்தோஷம் வந்தது என்று உனக்குச் சொன்னால் நீ நம்பமாட்டாய். தேறிவிட்டோம், ரூம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அந்த ரூமில் அப்பா போட்டோவை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று வரைக்கும் நினைப்பு போய்விட்டது. வெட்கம் கெட்ட மனசு.

அப்போதுதான் ஹன்னாவின் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். என்னைப் பார்த்துத்தான், உன்னைப் பார்த்து இல்லை. புது வீட்டுக்கு நீங்களும் வருகிறீர்கள்தானே, உங்களுக்கென்று ஒரு ரூம் இருக்கிறதாமே என்று. எனக்கு நன்றாகப் புரிந்தது. பதிலுக்கு ஒரு சின்ன வார்த்தை போதும், அது எனக்கு ஆங்கிலத்திலும் தெரியும். வாயைத் திறந்தேன். அதற்குள் நீ, "நோ நோ, அம்மாவுக்கு ஊருக்குப் போகணும்னு ஆசை. எப்ப போவோம்னு நாள எண்ணிட்டு இருக்காங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டாய். ஹன்னா மட்டும் உன்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அப்படியா, அம்மா?" என்று என்னிடம் கேட்டாள். நான் உன்னைப் பார்த்தேன். நீ தட்டைப் பார்த்தாய். "எஸ்" என்றேன். அன்றைக்கு முழுக்க நான் பேசிய ஒரே ஆங்கில வார்த்தை அது. வந்த விருந்தாளி முன்னால் பெற்ற பிள்ளையைப் பொய்யனாக்க என்னால் முடியவில்லை.

கேள் மக்களே, வான்கோழி நன்றாக வந்ததால்தான் எனக்கு இத்தனை வயிற்றெரிச்சல். கருகிப் போயிருந்தால், வறண்டு போயிருந்தால், சரி நம் கைப்பிழை என்று மனசைத் தேற்றிக்கொண்டு பேசாமல் விமானம் ஏறியிருப்பேன். நீ முன்னாலேயே முடிவு செய்துவிட்டு எனக்குப் பரீட்சை வைத்திருக்கிறாய். ரூம் கொடுக்க மனமில்லை என்றால் அதை என்னிடம் நேரே சொல்லியிருக்கலாம். புதுசாய்க் கல்யாணம் ஆனவர்கள், தனியாக இருக்க ஆசைப்படுவார்கள் என்பது தெரியாத பட்டிக்காட்டுக்காரியா நான்? கொஞ்சம் அழுதிருப்பேன், அவ்வளவுதான். எனக்கே ஆசை என்று சொல்லி அனுப்புகிறாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பாத்திரம் கழுவும்போது பின்னால் வந்து தோளைத் தொட்டு, "தேங்க்ஸ்மா, சூப்பரா போச்சு. விசா கேன்சல் பண்ண நானே கூட்டிட்டுப் போறேன். விசிட்ல எப்ப வேணா வரலாம்" என்றாய். குழாயை நிறையத் திறந்து விட்டேன், பதில் சொல்ல வேண்டாமே என்று.

அதற்கு அடுத்த லீவு நாளில் முருகேசனைக் கூப்பிட்டேன். பொய் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. தலை நரைத்துவிட்டது அவனுக்கு. இன்னும் அதே கேம்ப். மீதியிருந்த வான்கோழியைச் சூடாக்கிப் போட்டேன். "என்னக்கா, கோழிக்கு ஆட்டுக்கால் தண்டிக்கு எலும்பு?" என்று சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, "தம்பி வீட்டுக்கு எப்ப குடி போறீங்க?" என்றான். இவனிடமும் பொய் சொல்ல வேண்டாம் என்று, இல்லை, ஊருக்கே போகிறேன், விசா முடிகிறது என்றேன். அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். கேம்பில் யாரையாவது அனுப்பும்போது கேட்கிற அதே குரலில், "கஃபீல் கேன்சல் அடிச்சிட்டாராக்கா?" என்றான். ஆமாம் என்றேன். இந்த ஒரு கேள்விக்கு நான்தான் என் வாயால் பதில் சொன்னேன்.

உனக்குப் புத்தி சொல்ல வேண்டியது என் கடமை என்பார்கள். ஒன்றே ஒன்று சொல்கிறேன். நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும். அப்போது உன் வீட்டு மேஜையில் யாராவது யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டால், கேட்கப்பட்டவர் வாய் திறக்கிற வரைக்கும் பொறு. ஹன்னாவிடமும் அப்படியே இரு, நல்ல பெண், என்னைப் போல எல்லாவற்றுக்கும் எஸ் சொல்லமாட்டாள். அப்பாவின் பஸ் சாவி மாட்டிய ஆணியைச் சுவரிலிருந்து பிடுங்கவில்லை, அது மட்டும் இருக்கட்டும். சாவியை நான் கொண்டு போகிறேன். இப்போதைக்கு எனக்கு விசிட் விசா எடுக்க வேண்டாம். எனக்குப் பேரனோ பேத்தியோ பிறந்தால் பார்க்க வருவேன், அதுவும் ஹன்னா கூப்பிட்டால்.

ரெசிபியில் ஒன்று விட்டுப்போனது. வான்கோழியை நீயாக வெட்டிவிட முடியாது, ஷாஜியிடம்தான் போக வேண்டும். நான் போவதை அவனிடம் சொல்லவில்லை. கடைப் பக்கம் போகவே கால் வரவில்லை. பறவையை அவன் கையில் கொடு. பதிவு போலெ அல்லே என்று கேட்பான், ஆமாம் என்று சொல். மெஷினைப் போடுவதற்கு முன்னால் உன் முகத்தைப் பார்த்து, "அம்ம எவிடெ, மோனே?" என்று, நான் எங்கே என்று, நிச்சயம் கேட்பான். எனக்காகப் பதில் சொல்லித்தான் உனக்குப் பழக்கமாயிற்றே, அவனுக்கும் நீயே சொல்லிவிடு.

அம்மா